முப்பது என்று எழுதப்பட்ட பதினொன்று

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்திற்கு, ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில், நாரைகள் என்னும் கூடைப்பந்து அணியின் மருத்துவ அறையில், ரோலன் ஓகிள்ஸ்பி என்ற முப்பத்தாறு வயது ஆட்டக்காரர் தம் இடக்காலை மட்டும் ஊன்றிப் பதினொரு வினாடிகள் நின்றார். பன்னிரண்டாவது வினாடியில் மேசையைப் பிடித்துக்கொண்டார். அணியின் ஃபிசியோவான ஜெரி நோவோட்னி, மருத்துவப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் 30 என்று எழுதினார்.

அப்படி எழுதும்படி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது முறை. ஏனெனில் பின்னர் நடந்தவற்றில் ஜெரி ஓயாமல் வலியுறுத்தியதும், எவரும் காதில் வாங்காததும் இந்த ஒரு செய்தியைத்தான்.

சோதனையின் வரலாறு சுருக்கமானது. அணியின் உரிமையாளர் ஹார்லன் ட்விட்செல் கராஜ் கதவுகள் தயாரித்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அணியை வாங்கிய மறுநாள், ஏரிக்கரையில் ஒரு நாரை நெடுநேரம் ஒற்றைக்காலில் நிற்பதைக் கண்டு அவர் மனம் நெகிழ்ந்தார். அன்றுமுதல் அணியின் ஒவ்வொரு கூட்டமும் ஒரு நிமிட நாரை நிலையுடன் தொடங்குகிறது. ஆட்டக்காரர், கணக்கர், நுழைவுச்சீட்டு விற்பவர், வந்திருக்கும் விருந்தினர் என எல்லோரும் தமக்கு வசதியான ஒரு காலில் மௌனமாக நிற்கவேண்டும். வரவேற்பு மேசையில் இருந்த எழுபத்தொரு வயது மில்ட்ரெட் அம்மையார் அவ்வாறு நிற்கையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, அவர் விழுந்த இடத்தில் பித்தளைத் தகடு பதிக்கப்பட்டது. ஒப்பந்தம் பெறவிருக்கும் ஆட்டக்காரர் மட்டும், கையெழுத்துக்குமுன், தம் அடிபட்ட காலில், முப்பது வினாடி நிற்கவேண்டும். வாய்ப்பு ஒருமுறைதான். மருத்துவர்களின் படங்களும் அறிக்கைகளும் படிவத்துடன் இணைக்கப்படும். ஆயினும் ட்விட்செல் படிப்பது ஏழாவது கட்டத்தை மட்டுமே.

"எவ்ளோ, கிழவா?" என்று ரோலன் அன்று கேட்டார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கின்மேல் சொட்டியது.

"கொஞ்சம் மூச்சு விடு."

"விட்டாச்சு. எவ்ளோன்னு கேட்டேன்."

"போதுமான அளவு நின்ன," என்றார் ஜெரி.

அது பொய்யன்று. பொய், அதன் பிறகு பேனாவால் வந்தது. கதவுக்கு வெளியே நாரை வடிவில் ஐந்தடி உயரக் கேக் காத்திருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். இருநூறு கராஜ் கதவு விற்பனையாளர்கள் கையில் காகித நாரை அலகுடன் காத்திருந்தார்கள். ஆனால் ஜெரியின் கையைத் தள்ளியவை இவையல்ல. பதினான்கு ஆண்டுகளாக, ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும், முதலில் இடக் கணுக்கால், பிறகு வலக் கணுக்கால் என்று அந்தக் கால்களுக்கு அவர் டேப் சுற்றியிருந்தார். தம் மனைவி டானா மருத்துவமனையில் கிடந்த குளிர்காலத்தில், ஆட்டமில்லாத நாள்களில் ரோலன் வந்து அவளுடன் சீட்டாடியதையும், ஒருமுறைகூட ஜெயிக்காமல் பார்த்துக்கொண்டதையும் அவர் மறக்கவில்லை. பதினொன்று என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்தபோது, டானா சிரித்த சத்தம் அவருக்குக் கேட்டது.

அதே கட்டத்தில் எட்டு நாள்களுக்கு முன் தாம் எழுதிய வேறோர் எண்ணை அப்போது அவர் நினைக்கவில்லை. லூசியானாவிலிருந்து வந்த கார்லிஸ் பாபினோ என்ற இருபத்துமூன்று வயது இளைஞனின் வலக்காலுக்குரிய எண் அது. அவன் மாற்று ஆட்டக்காரன், நன்றாக ஓடுவான், நாரையைப்போல் அசையாமல் நின்றான். இருபத்தொன்பதாவது வினாடி முடிந்ததும் தும்மினான். கால் தரையைத் தொட்டுவிட்டது.

"மிஸ்டர் ஜெரி, தும்மல்ங்க. இன்னொரு தடவை நிக்கட்டுமா?"

"விதி ஒரு தடவைதான்பா."

"சரிங்க. இருபத்தொம்போதுன்னா இருபத்தொம்போது."

ஜெரி 29 என்று எழுதினார். தம் நேர்மையைக் குறித்து அன்று மாலைவரை அவருக்கு ஒரு சிறிய மகிழ்ச்சிகூட இருந்தது.

*

கேக் வெட்டும் விழாவில் ட்விட்செல் பேசினார். ரோலனுக்கு மூன்றாண்டு ஒப்பந்த நீட்டிப்பு. ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர்.

"எல்லாரும் கேக்கறாங்க, முப்பத்தாறு வயசு ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பணம்னு. நான் சொல்றேன். இது அவர் ஆடப்போற ஆட்டத்துக்கு இல்ல. ஆடி முடிச்ச ஆட்டத்துக்கு. அப்பல்லாம் நான் அவருக்குக் கம்மியாதான் குடுத்தேன், ஏன்னா அப்ப அவர் நல்லா ஆடிட்டிருந்தார், வேற எங்கேயும் போகமாட்டார்னு தெரியும். விசுவாசத்துக்கு வரம்பே கிடையாது!"

கைதட்டல் அடங்கியபின் எல்லோரும் நாரை நிலையில் நின்றார்கள். ரோலன் வலக்காலில் நின்றார். அதை ஜெரியைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை.

விசுவாசத்திற்கு இல்லாத வரம்பு சம்பளத்திற்கு உண்டு. அதைக் காப்பவர் பெத்தனி க்ரூபர் என்ற வழக்கறிஞர். அவர் அறையின் சுவரில் இரண்டு சிவப்புக் கோடுகள் தீட்டப்பட்டிருந்தன. முதற்கோடு இடுப்பளவில், இரண்டாம் கோடு கழுத்தளவில். ஓர் அணியின் ஆட்டக்காரர் அனைவருடைய சம்பளமும் சேர்ந்து எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பதே அவருடைய இரவுபகல் கவலை.

ஆகஸ்ட் மாதத்தில் அவர் ஜெரியை அழைத்தார். "முதல் கோட்டைத் தாண்டினா அபராதம், ஜெரி. ரெண்டாவதைத் தாண்டினா அபராதம் கட்டறதுக்கே அனுமதி கேக்கணும். இப்ப நாம ரெண்டாவதுக்கு மேல இருபத்திரண்டு லட்சம் டாலர்ல நிக்கறோம்."

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"கார்லிஸோட சம்பளம் இருபத்துமூணு லட்சம்."

"அவனையா அனுப்பறீங்க? ஏன் அவனை?"

"உங்க படிவம்தான் சொல்லுது. மொத்த அணியில முப்பதுக்குக் கீழே இருக்கறது அவர் ஒருத்தர்தான்."

"ஒரு வினாடிங்க! தும்மினான்!"

"தும்மல் எதோட அறிகுறியோ, யாருக்குத் தெரியும்?" என்ற பெத்தனி, படிவத்தை அன்போடு தடவிக்கொடுத்தார். "நீங்க இவ்ளோ கறாரா எழுதலைன்னா நாங்க ரொம்ப சங்கடப்பட்டிருப்போம். யாரை அனுப்பறதுன்னு யோசிக்கவேண்டி வந்திருக்கும்."

கார்லிஸ் மேற்கேயுள்ள ஓர் அணிக்கு அனுப்பப்பட்டான். பதிலுக்கு நாரைகளுக்குக் கிடைத்தது, 2031ஆம் ஆண்டில் அந்த அணி ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு விருப்பமிருந்தால், இவர்களிடமும் கருத்துக் கேட்கும் என்னும் உறுதிமொழி. ட்விட்செல் இதை வரலாற்றுச் சிறப்புமிக்க பேரம் என்று அறிவித்தார்.

நாரைகளில் சேரும் ஒவ்வோர் ஆட்டக்காரரின் வீட்டுக்கும் ட்விட்செல் கராஜ் கதவு ஒன்றை இலவசமாகப் பொருத்தித் தருவது வழக்கம். அதில் நாரை பொறித்திருக்கும். அணியை விட்டு நீங்குபவரின் கதவு கழற்றப்படும். ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பிரிவு. கார்லிஸும் எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி சிமோனும் டொலீடோவில் கழித்த கடைசி ஆறு நாள்களும் அவர்கள் வீட்டின் முன்புறம் திறந்தே கிடந்தது. தெருவில் போகிறவர்கள் அவர்களுடைய சலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கிளம்பும் நாளன்று கார்லிஸ் மருத்துவ அறைக்கு வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்து கால்களை நீட்டினான்.

"இன்னைக்கு ஆட்டம் இல்லையேப்பா."

"தெரியும், மிஸ்டர் ஜெரி. விமானத்துக்குச் சுத்திவிடுங்க."

ஜெரி சுற்றினார். முதலில் இடக்கால், பிறகு வலக்கால். டேப்பை வழக்கத்தைவிட மெதுவாகக் கிழித்தார்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? கேட்டா யாரும் சொல்லமாட்டேங்கறாங்க. நல்ல பையன், நல்ல பையன்னு தோள்ல தட்டறாங்க."

"நீ ஒரு தப்பும் பண்ணல."

"அப்ப வேற யாரு பண்ணினது?" என்று அவன் சிரித்தான். அவன் கேட்டது விளையாட்டுக்காகத்தான். ஜெரி கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருந்தது.

*

பருவம் தொடங்கியது. ரோலன் ஒன்பது ஆட்டங்களில் ஆடினார். ஒவ்வொன்றிற்குப் பிறகும் அவர் முழங்காலிலிருந்து மருத்துவர் எடுத்த மஞ்சள் நீர் ஒரு காப்பிக் கோப்பை அளவு இருந்தது. பத்தாவது ஆட்டத்திலிருந்து அவர் கோட்டும் சூட்டும் அணிந்து பெஞ்சில் அமர்ந்தார். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மேற்கேயுள்ள அந்த அணி டிசம்பரில் கார்லிஸை விடுவித்தது. வேறு அணிகள் அவனை அழைத்தன, படிவத்தைக் கேட்டன, ஏழாவது கட்டத்தைப் பார்த்தன, பிறகு அழைக்கவில்லை. அவன் லித்துவேனியாவுக்குப் போய்ப் பனேவெஜிஸ் என்ற ஊர் அணியில் சேர்ந்தான். அங்கிருந்து ஒரு படம் வந்தது: பனிக்குவியல், அதன்முன் கம்பளியில் பொதிந்த ஒரு குழந்தை. கீழே எழுதியிருந்தான்: 'மிஸ்டர் ஜெரி, இவள் பேர் ஓடெட். பொறந்து மூணு மாசம் ஆச்சு. இங்க யாரும் ஒத்தக்கால்ல நிக்கச் சொல்லல. ஆனா ரொம்பக் குளிருது.'

அந்தப் படத்தை ஜெரி மருந்துப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினார். டேப் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் பட்டது. கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அங்கு ஒட்டினார்.

பிப்ரவரியில் ட்விட்செல் அவரைத் தம் அறைக்கு வரவழைத்தார். பெத்தனியும் இருந்தார். மூவரும் ஒரு நிமிடம் ஒற்றைக்காலில் நின்றபின் உட்கார்ந்தார்கள்.

"லீக்ல ஒரு அழகான விதி இருக்கு, ஜெரி," என்று தொடங்கினார் பெத்தனி. "ஒரு ஆட்டக்காரரோட காலு இனிமே ஆடவே முடியாதுன்னு ஆயிட்டா, அவர் சம்பளத்தைக் கணக்குலேருந்து தூக்கிடலாம். அவருக்குப் பணம் போய்ச் சேரும், காப்பீட்டுக்காரங்க குடுப்பாங்க. ஆனா கோட்டுக்கு அவர் கண்ணுக்கே தெரியமாட்டார். அதுக்கு மூணு நிபந்தனை. கையெழுத்துப் போட்டப்ப காலு நல்லா இருந்திருக்கணும். இப்ப கெட்டிருக்கணும். நடுவுல எப்ப கெட்டதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது."

"மூணாவதை நாம எப்பவோ நிறைவேத்தியாச்சு!" என்றார் ட்விட்செல் பெருமையோடு.

அன்று பிற்பகலே ரோலனுக்கு இரண்டாம் சோதனை நடந்தது. நான்கு வினாடி. ஜெரி 4 என்று எழுதினார். பெத்தனியின் அறையில் படிவத்தைக் கண்ட ட்விட்செல் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். பெத்தனி கண்களைத் துடைத்துக்கொண்டார். சுவரில் கழுத்தளவு இருந்த கோட்டை அவர் இத்தனை அன்போடு பார்த்ததை ஜெரி அதற்குமுன் கண்டதில்லை.

அப்போதுதான் ஜெரி சொன்னார். "மிஸ்டர் ட்விட்செல், ஜூலையில அவன் நின்னது பதினொண்ணு. முப்பதுன்னு எழுதினது நான். யாரும் சொல்லல, நானாத்தான் எழுதினேன்."

பெத்தனி போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஜெரி," என்றார் பெத்தனி மிக மென்மையாக, "நீங்க இதைச் சொல்லல. நாங்க இதைக் கேக்கல."

"சொன்னேனே. இப்பத்தான் சொன்னேன்."

"இவருக்கு மனசு கஷ்டம்," என்று ட்விட்செல் பெத்தனிக்கு விளக்கினார். "பதினாலு வருஷப் பழக்கம். நண்பனோட காலு போச்சேன்னு தன்மேலயே பழியைப் போட்டுக்கறார். பாருங்க, இதுதான் நம்ம குடும்பம்! நம்ம ஆளுங்க செய்யாத குத்தத்தைக்கூட ஒத்துக்கறாங்க!"

"செஞ்ச குத்தங்க இது!"

"கேட்டீங்களா, இன்னும் ஒத்துக்கறார்!"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெரிக்கு ஆண்டின் சிறந்த நாரை என்னும் விருது வழங்கப்பட்டது. வெண்கல நாரை, ஒற்றைக்காலில் நின்றது, அடிப்பாகம் சரியாகப் பொருத்தப்படாததால் சாய்ந்துகொண்டே இருந்தது.

ஜெரி எழுத்துமூலம் முயன்றார். ஊழியர் நலப் பிரிவில் மேலதிகாரி மீது புகாருக்கு ஒரு படிவம் இருந்தது, சக ஊழியர் மீது புகாருக்கு ஒன்று, உணவகத்துச் சூப்பைக் குறித்த புகாருக்கு ஒன்று. தன்மீதே புகார் கொடுக்கப் படிவம் இல்லை. அவர் சக ஊழியர் படிவத்தை எடுத்து, புகார் கொடுப்பவர் என்ற இடத்திலும் புகாருக்கு உள்ளானவர் என்ற இடத்திலும் தம் பெயரையே எழுதினார். பதில் மூன்று நாளில் வந்தது. இரு தரப்பினரும் சமாதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறும், அதுவரை ஒரே அறையில் இருப்பதைத் தவிர்க்குமாறும் அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது.

*

ரோலனிடம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. மார்ச் மாதத்து ஒரு பிற்பகலில், முழங்காலில் ஐஸ் கட்டியபடியே சொன்னார்.

"ஜூலையில நீ நின்னது முப்பது இல்லடா."

"தெரியும்," என்றார் ரோலன். கையிலிருந்த பொரித்த மீன் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பதினொண்ணு. நானும் எண்ணினேன்."

ஜெரியின் கை நின்றுபோயிற்று. "அப்புறம் எவ்ளோ எவ்ளோன்னு ஏன் கேட்ட?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான், கிழவா." ஒரு மீன் துண்டைப் பாதியாகப் பிய்த்து அவரிடம் நீட்டினார். "பதினொண்ணுன்னு நீ சொல்லியிருந்தா, சட்டையக் கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நிஜமா. அன்னைக்குக் காலையில என் பொண்டாட்டிகிட்ட அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். ஜெரி என்ன எழுதறாரோ அதுதான்னு."

ஜெரி மீனை வாங்கிக்கொள்ளவில்லை.

"கார்லிஸ் இருபத்தொம்போது நின்னான்," என்றார். "தும்மிட்டான். நான் இருபத்தொம்போதுன்னே எழுதினேன்."

ரோலன் முழங்காலில் ஐஸ் பையை நகர்த்தி வைத்தார். "அந்தப் பையன் எனக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுப்பான். நான் கேக்காமயே." பிறகு கேட்டார்: "என்ன பண்ணப்போற?"

"உன் சம்பளத்தைக் கணக்குலேருந்து தூக்கறதைப் பத்தி விசாரிக்க லீக்லேருந்து வராங்க இல்ல, அவங்ககிட்டச் சொல்லப்போறேன். நான் எழுதின ஒண்ணு பொய்னு ஆயிட்டா, நான் எழுதின எதையும் நம்பமுடியாதுன்னு ஆகும். அவனோட இருபத்தொம்போதும் அடிபட்டுப் போகும். வேற ஏதாவது அணியில சேந்துக்குவான். பொண்டாட்டி பிள்ளையோட ஊருக்கு வருவான்."

"அப்ப என் ஒப்பந்தமும் அடிபட்டுப் போகும்."

"ஆமா."

"என் பதினாலாம் நம்பர் சட்டையை அரங்கத்துக் கூரையில ஏத்திக் கௌரவிக்கறதாச் சொல்லியிருக்காங்க. ஏமாத்தினவனோட சட்டைய ஏத்துவாங்களா?"

"ஏத்தமாட்டாங்க."

ரோலன் பொட்டலத்தை மடித்துக் குப்பைக்கூடைக்குள் எறிந்தார், குறி தவறவில்லை. "சொல்லு. நான் உன்னைத் தடுக்கமாட்டேன்," என்றார்.

தடுக்கமாட்டேன் என்றாரேயன்றித் துணைநிற்பேன் என்று அவர் சொல்லவில்லை. இதை ஜெரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே உணர்ந்தார்.

*

லீக் அனுப்பிய குழுவில் மூவர் இருந்தனர். தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி கான்ஸ்டன்ஸ் வெதர்பி. விசாரணை அணியின் கூட்ட அறையில் நடந்ததால், அணியின் வழக்கப்படி நாரை நிலையுடன் தொடங்கியது. குழுவினரும் மரியாதைக்காக நின்றார்கள். பழக்க தோஷத்தால் ஜெரி மனத்துக்குள் எண்ணினார். நீதிபதி ஆறு வினாடி. மற்றவர்கள் ஒன்பதும் பன்னிரண்டும்.

"நீங்க எண்ணினதைப் பாத்தேன், மிஸ்டர் நோவோட்னி," என்றார் நீதிபதி உட்கார்ந்தபடி. "என் வினாடியைப் பதிவுல சேர்க்காதீங்க."

ஜெரி சத்தியம் செய்து எல்லாவற்றையும் சொன்னார். பதினொன்று, மேசை, கேக், டானாவின் சீட்டாட்டம், தும்மல், கழற்றப்பட்ட கராஜ் கதவு. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எட்டு மாதங்களில் முதல்முறையாக அவரால் முழுமூச்சு விட முடிந்தது.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைக் கையில் எடுத்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்கம்மா."

"ஏழாவது கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"முப்பது. ஆனா அது..."

"உங்க ஸ்டாப்வாட்ச் சரியா ஓடுதா?"

"ஓடுது. அதுல பதினொண்ணுதான் காட்டிச்சு. தப்பு ஸ்டாப்வாட்ச்சுல இல்ல, என்கிட்ட."

"அப்ப ஸ்டாப்வாட்ச் நம்பத்தக்கது," என்று நீதிபதி குறித்துக்கொண்டார். "நம்பத்தக்க கருவி, கையெழுத்திட்ட ஆவணம். இதுக்கு எதிரா இருக்கறது உங்க ஞாபகம் மட்டும். ஞாபகத்துல யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

"இல்லைங்க."

ட்விட்செல் பேச அனுமதி கேட்டார். "மாண்புமிகு அம்மா, இந்த மனுஷன் ஒருவேளை பொய்யே எழுதியிருந்தாலும் அது அன்பால எழுதினது. எங்க அணியில அன்பு எந்த அளவுக்கு இருக்குன்னா, யாரும் எதையும் சரிபாக்கறதே இல்லை. ஐம்பது டாக்டர் அறிக்கை வந்துச்சு, நான் ஒண்ணைக்கூடப் பிரிக்கல. பிரிச்சா சந்தேகப்படறேன்னு ஆயிடுமே!"

"அறிக்கைகள்ல என்ன இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே, தெரியாதுங்க. அதுதான் எங்க நல்லெண்ணத்துக்குச் சாட்சி."

பெத்தனி எழுந்து, மூன்றாம் நிபந்தனை இதன்மூலம் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது என்று பணிவுடன் சுட்டிக்காட்டினார்.

கடைசியாக ரோலன் அழைக்கப்பட்டார். ஊன்றுகோலுடன் வந்தார். ஆறடி எட்டங்குல உருவம் அந்தச் சிறிய நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தது.

"மிஸ்டர் ஓகிள்ஸ்பி, போன ஜூலையில எத்தனை வினாடி நின்னீங்க?"

ரோலன் ஜெரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்புக் கேட்பதும் இருந்தது, கேட்காமல் இருக்க அனுமதி கேட்பதும் இருந்தது. ஜெரி தலையைக் குனிந்துகொண்டார். ஏழாவது கட்டத்தில் பதினொன்று என்று எழுத முடியாமற்போன அதே காரணத்தால், இப்போதும் அந்த மனிதரை நேராகப் பார்த்து 'சொல்லு' என்று கண்ணால்கூட அவரால் கேட்க முடியவில்லை.

"நான் நின்னுட்டிருந்தேன்மா," என்றார் ரோலன். "எண்ணல."

மேசையின்மேல் அவருடைய பெரிய விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

*

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள், வியாழக்கிழமை, குழு தன் முடிவை வெளியிட்டது. அது வருமாறு.

ரோலன் ஓகிள்ஸ்பியின் ஒப்பந்தம் செல்லும். கையெழுத்திட்ட நாளில் அவர் முழங்கால் முப்பது வினாடி நலத்துடன் இருந்தது. பின்னர், எவருக்கும் தெரியாத ஒரு நாளில் கெட்டது. அவருடைய சம்பளம் வரம்புக் கணக்கிலிருந்து நீக்கப்படும். அவர் இனி ஆடமாட்டார். பதினான்காம் எண் சட்டை அக்டோபரில் கூரையில் ஏற்றப்படும்.

இவ்வாறு கிடைத்த இடத்தைக் கொண்டு நாரைகள், வேறோர் அணியில் பதின்மூன்று ஆண்டுகள் புகழ்பெற்று விளங்கிய முப்பத்தைந்து வயது ஆட்டக்காரர் ஒருவரை, விசுவாசத்தின் அடிப்படையில், ஆண்டுக்கு நாலரைக் கோடி டாலருக்கு எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். அவருடைய அடிபட்ட இடுப்புக்குரிய ஒற்றைக்கால் சோதனை ஜூலை 8ஆம் நாள் முற்பகல் பத்து மணிக்கு நடைபெறும். நடத்துபவர்: ஜெரி நோவோட்னி.

கார்லிஸ் பாபினோவின் இருபத்தொன்பது வினாடியை ரத்து செய்யவேண்டும் என்ற கோரிக்கையைக் குழு கவனத்துடன் ஆராய்ந்தது. திரு. நோவோட்னி தம் சொந்த வாக்குமூலத்தின்படியே ஆட்டக்காரர்மீது அன்புகொண்டு எண்ணைக் கூட்டி எழுதக்கூடியவர் என்பதும், எந்தக் காலத்திலும் குறைத்து எழுதியதாக அவரே கூறவில்லை என்பதும் கருத்திற்கொள்ளப்பட்டன. ஆகவே பாபினோ உண்மையில் நின்ற நேரம் இருபத்தொன்பதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம் எனக் குழு கருதுகிறது. அவருடைய படிவத்தின் ஏழாவது கட்டத்தில், எண்ணுக்கு முன்னால், 'அதிகபட்சம்' என்ற சொல் சேர்க்கப்படும். திருத்தப்பட்ட படிவத்தின் நகல் எல்லா அணிகளுக்கும், பனேவெஜிஸுக்கும், அனுப்பி வைக்கப்படும்.

ஜெரி நோவோட்னிக்குத் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. அவர் மேல்முறையீடு செய்தார். தண்டிக்கப்படாதவருக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை என்று ஏப்ரல் 14ஆம் நாளிட்ட கடிதத்தில் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.